நஞ்சுக்கொடி கீழே, ஆஸ்பத்திரி 30 கிலோமீட்டர் தள்ளி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. காய்ச்சல், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, வெட்டுக்காயம் என்று எதற்கும் ஊர் மக்கள் முதலில் போவது அங்கேதான். ஆனால் நிறைமாதக் கர்ப்பிணிக்கு நள்ளிரவில் இரத்தம் கொட்ட ஆரம்பித்தால் தேவைப்படுபவை மூன்று: மகப்பேறு நிபுணர், தயாராக இருக்கும் ஆபரேஷன் தியேட்டர், பக்கத்திலேயே இரத்த வங்கி. இவை மூன்றும் சேர்ந்திருப்பது ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் ஆஸ்பத்திரியில். பழைய சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். லிந்தாங், லாசா பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு, பெரிய சாலைக்கு வந்து சேர்வதற்கே செம்பனைக்காட்டு வழி ஒன்று இருக்கிறது.

நஞ்சுக்கொடிச் சிக்கலைப் பற்றி எழுதுகிறவர்கள் கர்ப்பப்பையின் படத்தைப் போட்டு விளக்குவார்கள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் படத்தோடு சாலை வரைபடமும் வேண்டும். நஞ்சு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை யாராலும் மாற்ற முடியாது. அந்தப் பெண் கடைசி வாரங்களில் எங்கே இருக்கிறாள் என்பதை மாற்றலாம். இந்தச் சிக்கலில் குடும்பத்தின் கையில் இருக்கும் பெரிய விஷயம் அதுதான்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். நஞ்சுக்கொடி வழக்கமாகக் கர்ப்பப்பையின் மேற்பகுதியிலோ பக்கச் சுவரிலோ ஒட்டி வளரும். சிலருக்குக் கீழே, கர்ப்பப்பை வாய்க்குப் பக்கத்தில் ஒட்டிவிடும். சிலருக்கு வாயையே மூடிவிடும். ஸ்கேன் அறிக்கையில் பிளசென்டா பிரீவியா என்று இருக்கும். கிளினிக்கில் மலாயில் ‘ஊரி டி பாவா’ என்பார்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது அது ‘நஞ்சு கீழ இருக்காம்’ ஆகிவிடும்.

20-வது வார ஸ்கேனில் இதைச் சொன்னால் உடனே ஒப்பாரி வைக்க வேண்டாம். அந்த நேரத்தில் நஞ்சு தாழ்ந்திருப்பது பலருக்கும் சகஜம். மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு விரிகிறது. அதோடு நஞ்சின் ஓரமும் வாயைவிட்டு விலகுகிறது. பத்தில் ஒன்பது பேருக்குப் பிரசவத்துக்கு முன்பே சரியாகிவிடும். நிறைமாதத்திலும் இது நீடிப்பது சுமார் 200 கர்ப்பங்களில் ஒன்றில்தான். ஓரத்துக்கும் வாய்க்கும் இடையே 20 மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளி இருந்தால் தாழ்ந்த நஞ்சு என்று கணக்கு. 32-வது வாரத்தில் திரும்பப் பார்ப்பார்கள், அப்போதும் விலகவில்லை என்றால் 36-வது வாரத்தில் இன்னொரு முறை. பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குப் பல பெண்கள் பயப்படுகிறார்கள். இடைவெளியைச் சரியாக அளக்க அதுதான் நம்பகமானது, ஆபத்தும் இல்லை. விரலை விட்டுச் சோதிப்பதுதான் கூடாது. ‘எனக்கு நஞ்சு கீழே’ என்று போகிற இடமெல்லாம் முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்வது அதனால்தான்.

இரத்தப்போக்கு ஏன்? கடைசி மாதங்களில் கீழ்ப்பகுதி மெலிந்து, வாய் இளக ஆரம்பிக்கும்போது, அங்கே ஒட்டியிருக்கும் நஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்துகொள்கிறது. கர்ப்பப்பையின் மேற்பகுதித் தசை, ஈரத்துணியை முறுக்குவதுபோல் இறுகி இரத்தக்குழாய்களை அடைத்துவிடும். கீழ்ப்பகுதியில் அந்த வலுவுள்ள தசை குறைவு. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லிலிட்டர் இரத்தம் ஓடுகிறது. இந்த எண்ணையும் 30 கிலோமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் ஏமாற்றுகிற விஷயம், வலி இருக்காது. என் அண்ணிக்கு இரண்டாவது பிள்ளையின்போது இப்படித்தான் ஆயிற்று. முதல் பிள்ளை சிசேரியன். ஏழாம் மாதம், விடிகாலையில் எழுந்தவருக்குக் கைலி நனைந்திருந்தது. விளக்கைப் போட்டபோதுதான் பளிச்சென்ற சிவப்பு தெரிந்தது. வலி இல்லை, வயிறு இறுகவும் இல்லை. “வலிதான் இல்லையே, உடம்பு சூடும்மா. மோர் குடிச்சிட்டுப் படு” என்றார் அவருடைய மாமியார். அண்ணி குளித்து, மூத்தவனுக்குப் பள்ளிச் சட்டை தேய்த்துவைத்து, அதன் பிறகுதான் கிளினிக் மிஸ்ஸிக்கு, அதாவது நர்ஸுக்கு, போன் செய்தார். மிஸ்ஸி கேட்டது ஒரே கேள்வி: “பேட் எவ்வளவு நனைஞ்சிருக்கு, கா?” அண்ணி சொன்னதும் மறுபேச்சில்லாமல், “சட்டையெல்லாம் அப்புறம் தேய்க்கலாம். பிங்க் புக்கை எடுத்துக்கிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. குளிக்கிறேன் கிளிக்கிறேன்னு நிக்காதீங்க” என்றார். (பிங்க் புக் என்பது கிளினிக்கில் கொடுக்கும் கர்ப்பிணிப் பதிவுப் புத்தகம்.) முதல் இரத்தப்போக்கு பெரும்பாலும் தானாக நின்றுவிடும், அவருக்கும் நின்றது. நின்றுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் பிசகு. அடுத்தது எப்போது, எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிடும் அப்ரப்ஷன் இதற்கு நேர்மாறு. வயிறு கல்லாக இறுகும், வலி உயிர் போகும், வெளியே வரும் இரத்தம் கருத்திருக்கும். சில சமயம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கும். இரத்தக் கொதிப்பு, புகை, வயிற்றில் பலமான அடி இவையெல்லாம் அதைத் தூண்டும். மோட்டார் சைக்கிளில் விழுந்த கர்ப்பிணி, மேலே காயம் இல்லையென்றாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். நஞ்சு சரியாக ஊட்டாமல் பிள்ளை சிறுத்துப்போவது இன்னொரு வகை. அதற்கு வீட்டில் இருக்கும் காவல், பிங்க் புக்கில் உள்ள உதை அட்டவணை: காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்கி, இரவு 9-க்குள் பத்து அசைவு வரவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்காமல் போய்விட வேண்டும்.

இனி பழிக்கு வருவோம். நஞ்சு கீழே என்று தெரிந்ததும் வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். பப்பாளி தின்றாளா, அன்னாசி தின்றாளா, கிரகணத்தன்று வெளியே போனாளா, தண்ணீர் வாளி தூக்கினாளா, ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை செய்தாளா. இவை எதுவும் நஞ்சைக் கீழே இறக்காது. கரு ஒட்டுவது அவள் கர்ப்பம் என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே நடந்து முடிகிற காரியம். வாய்ப்பைக் கூட்டுபவை வேறு: முந்தைய சிசேரியன், கருச்சிதைவுக்குப் பின் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தது, பல பிரசவம், 35-க்கு மேல் வயது, இரட்டைப் பிள்ளை, செயற்கைக் கருத்தரிப்பு, புகைபிடித்தல். பட்டியலில் பாதி ஆஸ்பத்திரியிலேயே நடந்தவை. மருமகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்க இதில் எதுவும் இல்லை.

சிசேரியன் தழும்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நஞ்சு கீழே இருந்து, அது பழைய தழும்பின் மேலேயும் உட்கார்ந்துவிட்டால், சுவருக்குள் வேர் விட்டுப் புதைந்துகொள்ளலாம். இதற்கு அக்ரீட்டா என்று பெயர். பிள்ளை வெளியே வந்த பிறகும் நஞ்சு கழன்று வராது. பிய்த்தால் இரத்தம் வெள்ளமாகப் போகும். அமெரிக்காவில் நடந்து 2006-ல் வெளியான பெரிய ஆய்வொன்றின் கணக்கு இது: நஞ்சு கீழே உள்ள பெண்களில், முன்பு சிசேரியனே ஆகாதவர்களுக்கு இந்த ஆபத்து 3 சதவீதம், ஒரு முறை ஆனவர்களுக்கு 11, இரண்டு முறை என்றால் 40, மூன்று என்றால் 61. முதல் பிள்ளைக்கு நல்ல நட்சத்திரம், நல்ல நேரம் பார்த்து, தேவையில்லாமல் வயிற்றைக் கிழித்துக்கொள்கிற குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை யாராவது அன்றே சொன்னால் நல்லது. முதல் அறுவையின் விலை மூன்றாவது பிள்ளையின்போது வசூலாகிறது. தேவைப்பட்டுச் செய்த சிசேரியனைப் பற்றி இதைச் சொல்லவில்லை; அது உயிர் காத்தது.

அக்ரீட்டா சந்தேகம் இருந்தால், பிள்ளையை எடுத்ததும் கர்ப்பப்பையையும் சேர்த்து எடுக்க வேண்டிவரலாம். இதைத் தியேட்டர் வாசலில் முதல்முதலாகக் கேட்கிற கணவன் உறைந்து நிற்பான். அவன் சிங்கப்பூரில் ஷிஃப்டிலோ, லோரியோடு ஜொகூரிலோ இருந்தால் போனில் கேட்டு உறைவான். 18 வயது நிரம்பிய பெண் தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போடலாம். ஆனாலும் எங்கள் குடும்பங்களில் ‘அவரைக் கேட்டுட்டு’ என்ற பேச்சு வரும், நிமிடங்கள் போகும். 30-வது வாரத்திலேயே இருவரும் சேர்ந்து நிபுணரிடம் உட்கார்ந்து, கர்ப்பப்பை, இரத்தம் ஏற்றுவது, கர்ப்பத்தடை மூன்றையும் பேசி முடித்துவிடுவது நல்லது.

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்) பிங்க் புக் மேல் ஒட்டும் கலர் ஸ்டிக்கரை நம் ஆட்கள் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுபோல் பார்த்து வெட்கப்படுகிறார்கள். அது மதிப்பெண் இல்லை, யார் பார்க்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் என்பதற்கான உத்தரவு. வெள்ளை, பச்சை என்றால் கிளினிக்கிலேயே பார்ப்பார்கள். மஞ்சள் என்றால் 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி நிபுணரிடம். சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. இரத்தம் போகாத தாழ்ந்த நஞ்சு மஞ்சள். இரத்தம் போனால் சிவப்பு. 1957-ல் இந்த நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குச் சுமார் 280 தாய்மார்கள் இறந்தார்கள். தோட்டத்து டிரெஸரும் (மருந்து கொடுக்கும் உதவியாளர்) மருத்துவச்சியும் இருந்த காலம் அது. 1991-ல், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் பெயர் வெளியிடாமல் விசாரித்துக் காரணம் கண்டுபிடிக்கும் முறை வந்தபோது அந்த எண் 50-க்குக் கீழே இறங்கியிருந்தது. வீடு தேடி வரும் மிஸ்ஸிமாரும் இந்தப் புத்தகமும் இல்லாமல் அது நடந்திருக்காது. புத்தகத்தை அலமாரியில் பூட்டிவைக்காமல் கைப்பையிலேயே வையுங்கள்.

அடுத்து, எங்கே இருப்பது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்தப் பெண்களை வார்டில் சேர்ப்பதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யும்போது, முன்பு இரத்தம் போயிருக்கிறதா என்பதோடு, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே உள்ள தூரத்தையும் வாகன வசதியையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆகவே டாக்டர் ‘வீடு எங்கே?’ என்று கேட்டால் ‘சுங்கை சிப்புட்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எந்தத் தோட்டம், பெரிய சாலைக்கு எவ்வளவு நேரம், வீட்டில் காடி (கார்) உண்டா, ராத்திரியில் ஓட்ட ஆள் உண்டா, மழைக்குப் பாதை தாங்குமா என்று முழுதாகச் சொல்லுங்கள். ‘சமாளிச்சுக்குவோம் டாக்டர்’ என்ற மரியாதைப் பேச்சு இங்கே உதவாது.

தாய்வீட்டுப் பிரசவம் நம் வழக்கம். ஏழாம் மாதம் வளையல் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். அந்த அம்மா வீடு லாசா பக்கத்துத் தோட்டத்தில் இருந்தால், ஆஸ்பத்திரிக்குக் கிட்டே இருக்க வேண்டியவளை இன்னும் தள்ளிக் கொண்டுபோய் வைப்பதாகிவிடும். சீர் செய்ய அம்மா வரட்டும், மகள் ஈப்போவில் இருக்கட்டும். ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஓர் உறவாவது இல்லாத குடும்பம் எங்கள் ஊரில் குறைவு. சின்னம்மாவோ ஒன்றுவிட்ட அக்காவோ, கடைசி நான்கைந்து வாரத்துக்கு ஓர் அறை கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஒன்பதாம் மாத வளைகாப்பு என்று நாள் குறித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். வாயை மூடிய நஞ்சுக்கு, வேறு சிக்கல் இல்லையென்றால், சிசேரியன் 36-லிருந்து 37-வது வாரத்துக்குள். இரத்தம் போயிருந்தால் அதற்கும் முன்பே, 34-லிருந்தே வரலாம். அக்ரீட்டா என்றால் 35-க்கும் 37-க்கும் இடையில். விருந்தாளி வருகிற நேரத்தில் அவள் வார்டில் இருப்பாள்.

வீட்டிலேயே இருக்கலாம் என்று டாக்டர் சொன்னால், ராத்திரி இரண்டு மணிக்கு யார் காடி எடுப்பது என்பதை அன்றே பேசிவையுங்கள். எங்கள் பக்கம் அந்த நேரத்தில் கிராப் டாக்சி கிடைப்பது அதிர்ஷ்டம். அண்ணி வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 999, கிளினிக் மிஸ்ஸி, எதிர்வீட்டு மாமா, அவர் எடுக்கவில்லை என்றால் அவர் மகன், மூத்தவனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்கா. அண்ணனின் எண் ஆறாவது இடத்தில் இருந்தது, அவருக்கு வேலை பினாங்கில். கோபப்பட்டார்தான், ஆனால் அதுதான் சரியான வரிசை. இன்னொன்று: பலமாக இரத்தம் போகும்போது ஈப்போவுக்கே நேராக ஓட்டுவதா, பக்கத்து ஆஸ்பத்திரியில் நிறுத்துவதா? கண்ணெதிரே இருக்கும் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகாதீர்கள். அங்கே ஊசி போட்டு டிரிப் ஏற்றி, ஈப்போவுக்குத் தகவல் சொல்லி, ஆம்புலன்ஸில் மிஸ்ஸியோடு அனுப்புவார்கள். உங்கள் விஷயத்தில் வேறு ஏற்பாடு வேண்டுமா என்று நிபுணரிடம் முன்பே கேட்டுப் பிங்க் புக்கில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படுத்தபடியே கிடக்க வேண்டுமா? கிடந்தால் நஞ்சு ஏறும் என்பதற்கோ இரத்தம் போகாது என்பதற்கோ ஆதாரம் இல்லை. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். பளு தூக்காமல், தாம்பத்திய உறவைத் தவிர்த்து, தூரப் பயணம் போகாமல், வீட்டுக்குள் நடமாடலாம். கவனம் போக வேண்டிய இடம் இரத்தத்தின் அளவு. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் சோகை. பத்தில் இருந்து ஒரு லிட்டரை இழப்பதும் எட்டில் இருந்து இழப்பதும் ஒன்றல்ல. இரும்பு மாத்திரையை முழுங்குகிறோம் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டு டிராயரில் சேர்த்துவைக்கிற பெண்கள் நிறைய. மலம் கறுக்கிறது, கட்டிக்கொள்கிறது, குமட்டுகிறது என்பார்கள். சொன்னால் மாத்திரையை மாற்றித் தருவார்கள், தேவைப்பட்டால் ஊசியாகவே ஏற்றுவார்கள். சாப்பாடு முடிந்ததும் தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கம் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். மாத்திரைக்கும் தேத்தண்ணீருக்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். முருங்கைக்கீரை நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது மாத்திரைக்கு மாற்று ஆகாது. இரத்த வகை நெகட்டிவ் என்றால், ஒவ்வொரு இரத்தப்போக்குக்குப் பிறகும் ஆன்டி-டி ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

வேலை பற்றி. 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள், கணவருக்கு 7 நாள். பிரசவ விடுப்பைப் பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே எடுக்கலாம். வார்டில் சேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை ஆஸ்பத்திரி விடுப்பு தனியாக உண்டு. முன்பு சாதாரண எம்.சி.யும் (மருத்துவ விடுப்பு) இதிலேயே கழிந்தது, இப்போது இல்லை. ஆகவே வார்டில் இருக்கும் நாளைப் பிரசவ விடுப்பிலிருந்து கழிக்க அவசரப்படாதீர்கள். கர்ப்பத்தையோ கர்ப்பத்தால் வந்த நோயையோ காரணம் காட்டி வேலையைவிட்டு நிறுத்துவதும் சட்டப்படி குற்றம். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம்தான். தோட்டத்துக் குடும்பங்களில் இன்றும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், பில்லுக்குப் பயந்து கடைசி நிமிடம் வரை கிளினிக் பக்கமே போகாதவர்கள் அவர்கள்தான். அவர்கள் முதல் மாதத்திலேயே ஆஸ்பத்திரியின் சமூகநல அதிகாரியிடம் பேசுவது கட்டணத்தைத் தவணையாக்கவாவது வழி செய்யும்.

வார்டில் வாரக்கணக்கில் இருப்பது வேறு மாதிரிச் சோதனை. உடம்பில் வலி இல்லை, நோயாளி மாதிரியும் இல்லை, ஆனால் வெளியே விடமாட்டார்கள். மூத்த பிள்ளை வீடியோ காலில் ‘எப்பம்மா வருவே’ என்று கேட்கும். சுத்தம் செய்ய வருகிற அக்கா முதல் பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா வரை எல்லாருக்கும் இவள் கதை தெரிந்துவிடும். ராத்திரி டாய்லெட் போகும்போதெல்லாம் சிவப்பு தெரிகிறதா என்று பார்க்கிற பயம் பிரசவத்துக்குப் பிறகும் சிலருக்குப் போவதில்லை. தூக்கம் இல்லை, அழுகை வருகிறது, பிள்ளையைத் தொடவே தோன்றவில்லை என்றால் அதையும் மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும். ‘உசுரு பொழச்சு வந்துட்ட, இன்னும் என்ன அழுகை’ என்று வீட்டில் சொல்வது பாசத்தில்தான், ஆனால் அது வாயை அடைத்துவிடும்.

பிள்ளை மாதம் முந்திப் பிறக்கப்போகிறது என்றால் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அப்படியும் சில நாள் சிசுப்பிரிவில் இருக்க வேண்டிவரலாம். அந்த நாட்களில் பாலைக் கறந்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோவது அப்பாவின் 7 நாள் விடுப்புக்கு நல்ல வேலை. வீடு திரும்பியதும் பத்தியம் வைக்கலாம், வெந்நீரில் குளிக்கலாம்; தையல் ஆறும் வரை வயிற்றில் உருட் (உருவிப் பிடித்துவிடுவது) மட்டும் வேண்டாம். இரத்தம் இழந்த உடம்புக்கு மீனையும் முட்டையையும் நிறுத்தும் பத்தியம் எதற்கு என்று பாட்டியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியைவிட்டு வரும்போது கொடுக்கும் கடிதத்தில் நஞ்சு எங்கே இருந்தது, எப்படி எடுத்தார்கள், எவ்வளவு இரத்தம் போனது, கர்ப்பப்பையில் எப்படி வெட்டினார்கள் என்றெல்லாம் இருக்கும். இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பிங்க் புக்கோடு வையுங்கள். கர்ப்பப்பை இருந்து, இன்னொரு பிள்ளை வேண்டும் என்றால் ஒன்றரை வருடமாவது இடைவெளி விடுங்கள். அடுத்த முறை தள்ளிப்போனதும் மூன்று மாதம் ஆகட்டும் என்று காத்திருக்காமல், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அந்தக் கடிதத்தோடு கிளினிக்குப் போய், கரு பழைய தழும்பில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் கேட்க வேண்டும்.